நாசி கண்டார் கடைக்கு ஒரு கத்தி

எங்கள் வீட்டு ஓவனில் கேக்கும் வேகும், கத்தியும் வேகும். கேக் என் வேலை. கத்தி என் மனைவியின் வேலை. சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "கத்திய எதுக்குங்க வேக வைக்கணும்?" என்று கேட்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன்னால் எனக்கும் அது தெரியாது.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய வரிசை வீட்டில் இருக்கிறோம். நான் முன்பு ஒரு ஹோட்டலில் கேக் பிரிவில் வேலை செய்தேன். அங்கே ஆள் குறைத்தபோது வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்ய ஆரம்பித்தேன். அவள் புக்கிட் தெங்காவில் இரும்பு உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும். பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அவளுடைய வேலையில் ஒரு கருவி உண்டு. சூட்டில் பதம் வைத்து வரும் பாகத்தை அதில் வைத்து அழுத்தினால், வைர முனை ஒன்று இரும்பில் ஒரு சின்னப் புள்ளி பதிக்கும். திரையில் ஓர் எண் வரும். அதுதான் இரும்பின் கடினம். எண் சரியாக இருந்தால் பெட்டி வெளியே போகும், இல்லாவிட்டால் திரும்பிப் போகும். பதினான்கு வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "இத்தன வருஷமா நான் நம்பரத்தாங்க பாக்குறேன். அந்த நம்பர் எப்படி வருதுன்னு ஒரு தடவகூட பாத்ததில்ல. எங்கயோ போகுது, எப்படியோ வருது."

"பாத்து என்ன செய்யப் போற?" என்றேன்.

"செஞ்சுதான் பாக்கணும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து லோரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கி வந்தாள். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில், சிங்க் தகரக் கூரைக்குக் கீழே, தீச்செங்கல்லை அடுக்கி ஒரு சிறிய உலை கட்டினாள். சமையல் காஸ் தோங்கிலிருந்து ஒரு குழாய். பக்கத்தில் தீயணைப்பான். கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை. தொழிற்சாலையில் பாதுகாப்புக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் வீட்டில் எனக்கு நடத்தினாள். "உலை எரியும்போது நீங்க இந்த வாசப்படிய தாண்டி வரக்கூடாது," என்றாள். என் வீட்டில், என் பின்கட்டில்.

செய்முறையை அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். கத்தியாக அறுத்து, அரம் போட்டுத் தேய்த்த இரும்பை உலையில் சிவக்கக் காயவைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் காந்தம் அதை இழுக்காமல் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடு. அப்போது எடுத்து எண்ணெயில் ஒரே மூச்சில் முக்க வேண்டும். அதோடு இரும்பு கண்ணாடிபோல் கடினமாகிவிடும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். அதனால் மறுபடி மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கடினம் கொஞ்சம் இறங்கும், உறுதி ஏறும். அந்த மிதமான சூடு இருநூறு டிகிரி. பட்டர் கேக்குக்கு நான் வைக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டில் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கக்கூடிய ஒரே பொருள் என் ஓவன்.

முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கினாள். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் வாசற்படியில் நின்று கைதட்டினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் அது வெற்றியின் சத்தம் இல்லை என்று புரிந்தது. கத்தியின் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அடுத்ததற்கு எண்ணெய். வடை பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயை வடிகட்டி, கொஞ்சம் சூடாக்கி, அடி ஒட்டவைத்த ஒரு இரும்புக் குழாயில் ஊற்றி வைத்தாள். கத்தி உள்ளே போனதும் மேலே ஒரு தீ எழுந்து அடங்கியது. அன்றைக்கு எங்கள் லோரோங் சந்து முழுவதும் வடை வாசம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலாயில் கேட்டார்: இன்றைக்கு என்ன பொரிக்கிறீர்கள்? என் மனைவி, "பீசாவ், ஆன்டி," என்றாள். கத்தி. ஆன்டி சுவருக்கு மேலே எட்டி உலையைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் பப்பாளித் துண்டுகளைச் சுவர் மேலே வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது கத்தி வெடிக்கவில்லை. பார்க்கவும் அழகாக இருந்தது. எனக்கு அதை அப்போதே சமையலறைக்கு எடுத்துப் போக ஆசை. அவள் அதை இடுக்கியில் கவ்வவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இரண்டாக உடைந்தது.

"ஏன் லா!" என்று அலறிவிட்டேன். ஏழு சனிக்கிழமைகளின் வேலை அது.

உடைந்த முகத்தை என்னிடம் காட்டினாள். "எப்படி இருக்கு?"

"சீனி மாதிரி இருக்கு," என்றேன். பொடிப் பொடியாக மின்னியது.

"அதான் தப்பு. அதிகமா காஞ்சிருச்சு. நல்லா வந்திருந்தா சாம்பல் மாதிரி, மாவு மாதிரி இருக்கணும்."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே பதிலோடு வந்தாள். பட்டப்பகலில் அவள் நிறம் பார்த்திருக்கிறாள். வெயில் வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து மேலும் மேலும் சூடேற்றியிருக்கிறாள். அன்றைக்கே பழைய கித்தான் ஒன்றை மூன்று பக்கமும் கட்டித் தொங்கவிட்டாள். மழை இருட்டிக்கொண்டு வரும் சாயங்காலங்களில் மட்டும் உலையை மூட்டினாள். பினாங்கில் அப்படிப்பட்ட சாயங்காலத்துக்குக் குறைவில்லை.

ஒரு வருடத்தில் பதினோரு கத்தி செய்தாள். அதில் ஆறை அவளே உடைத்தாள். நான் ஹோட்டலில் பெரிய பெரிய சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். செய்ததை ருசி பார்க்கும் நேரத்தில் தாங்களே குறை சொல்லிக் குப்பையில் கொட்டுகிறவர்கள் மிகக் குறைவு. என் மனைவி உடைந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத்தை ஒட்டி, எவ்வளவு நேரம், என்ன நிறம், எந்த எண்ணெய் என்று எழுதி வைத்தாள். என்னால் அவள் பக்கத்திலிருந்து நகர முடியவில்லை. வாசற்படியை மட்டும் தாண்டவில்லை.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சோறும் குழம்பும் சாப்பிடப் போகும் நாசி கண்டார் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரை நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அறுபதுக்குப் பக்கத்தில் வயது. விடியற்காலையில் தானே நின்று கோழி வெட்டுகிறவர். ஒரு ஞாயிறு, அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து புலம்பினார்.

"என்ன கத்தி வாங்குனாலும் பத்து மணிக்கெல்லாம் மொட்டையாயிடுது தங்கச்சி. தீட்டித் தீட்டி எனக்குக் கையே போச்சு."

"கத்திய கொண்டாங்க அண்ணே, பாப்போம்," என்றாள் இவள். அவர் கொண்டு வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலில் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். "நான் ஒண்ணு செஞ்சு தரேன்," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நெசமாவா லா?"

"நெசமாத்தான்," என்றேன். எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கத்திக்கு அவள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். அண்ணனின் உள்ளங்கை அகலத்துக்குப் பிடி. எலும்பில் படும் என்பதால் விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக விட்டாள். எண்ணெயில் முக்கி எடுத்தபோது நேராக வந்தது. அரத்தை விளிம்பில் வைத்து இழுத்தாள். அரம் கடிக்காமல் வழுக்கியது. கடினம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் பகலில் கத்தியை என் ஓவனில் வைத்தாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட், மதியம் கிளம்ப வேண்டும்.

"ரெண்டு மணி நேரம். வெளிய எடுத்து ஆற வைங்க. அப்புறம் இன்னொரு ரெண்டு மணி நேரம். மறந்துறாதீங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் மறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் போய் அரைமணி நேரத்தில் ஒரு போன் வந்தது. செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் யாரோ ஓய்வு பெறுகிறார்கள். சொல்லி வைத்த கேக் வரவில்லை. நாலு மணிக்குள் செய்து கொடுக்க முடியுமா என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டாள். நான் சரி என்றேன். ஓவனைத் திறந்து கத்தியை எடுத்து மேசை மேல் வைத்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கேக் வெந்த பிறகு, ஓவன் இறங்கிக்கொண்டிருந்த சூட்டில் கத்தியை மறுபடி உள்ளே வைத்தேன். கேக்கை அலங்கரித்து, பெட்டியில் கட்டி, நானே காரில் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஓவன் ஆறிப் போயிருந்தது. இருபது நிமிடம் மறுபடி சூடேற்றினேன். அதற்குள் அவள் போன் செய்தாள்.

"ரெண்டு தடவையும் ஆச்சா?"

"ஆச்சு," என்றேன்.

அப்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கேக்கில் ஐந்து நிமிடம் கூடிக் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு, இரும்பும் அப்படித்தான் என்று தோன்றவில்லை.

கத்தியைக் கொடுத்தோம். அண்ணன் அதில் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய், இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ போட்டு அவரே கொண்டு வந்து வைத்தார். அடுத்த வாரம் போனபோது, பத்து மணி தாண்டியும் கத்தி வெட்டுகிறது என்று கடையில் வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. என் மனைவிதான் எடுத்தாள். அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

"தங்கச்சி, கத்தியில சின்னதா ஒரு துண்டு காணோம். வாயில பல்லு போன மாதிரி இருக்கு. இப்பத்தான் கழுவும்போது பாத்தேன்."

"எவ்வளவு பெருசு?"

"அரிசில பாதி இருக்கும்."

"இன்னைக்கு வெட்டுன கோழி எங்க இருக்கு?"

"சட்டியில லா. குழம்பு ரெடி."

"யாருக்காவது குடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல. பன்னெண்டு மணிக்குத்தான் கூட்டம் வரும்."

"குடுக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க அண்ணே. நாங்க வந்துட்டே இருக்கோம்."

உலையில் பயன்படுத்தும் காந்தத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் மணி என்ன என்று கேட்டாள். பதினான்கு வருடம் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியவள். அவள் கையிலிருந்து போன முதல் பொருள், ஒருவர் வாய்க்குப் போகும் வழியில் உடைந்திருந்தது.

கடைச் சமையலறையில் அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை. கத்தியை வாங்கி, போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு வெட்டும் கட்டையின் ஒவ்வொரு பிளவிலும் காந்தத்தை நகர்த்தினாள். தரை, சாக்கடை வாய், கழுவும் தொட்டி. கடைசியில் கோழித் தோலும் கழிவும் போட்டிருந்த வாளியை ஒரு பெரிய தட்டில் கொட்டச் சொன்னாள். அதில் கையை விட்டுத் துழாவினாள். வேலையாட்கள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். காந்தத்தில் 'டிக்' என்று ஏதோ ஒட்டியது.

"கெடச்சுருச்சு!" என்று அண்ணன் கத்தினார். "சரி, சரி, சட்டிய எடுங்க லா, மணியாச்சு."

"ஒரு நிமிசம் அண்ணே."

அந்தத் துண்டைக் கழுவித் துடைத்து, கத்தியின் உடைந்த இடத்தில் கைப்பையிலிருந்த சின்ன இடுக்கியால் பொருத்தினாள். என்னைப் போன் விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். நானும் குனிந்து பார்த்தேன். துண்டு சரியாக உட்கார்ந்தது. ஆனால் ஓரத்தில், விளிம்பு முடியும் இடத்தில், ஒரு சின்ன முக்கோணம் காலியாக இருந்தது. ஒரு கடுகில் கால்வாசிகூட இருக்காது. நான் பார்க்காத மாதிரி நிமிர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவளும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள்.

மறுபடி தேடினாள். கிடைக்கவில்லை. வெளியே கடை முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். சட்டியில் இருபது கோழி. எண்ணெய் மிதந்து, கறிவேப்பிலை மணத்தோடு கொதி அடங்கி இருந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அது தூசி மாதிரி. தண்ணியோட போயிருக்கும்."

"போயிருக்கலாம் அண்ணே. போகாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை. "சின்னப் புள்ளைங்க சாப்பிட வராங்க. நான் செஞ்ச கத்தி. இத விக்காதீங்க."

அண்ணன் சட்டியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். ஒரு வேலையாளைக் கூப்பிட்டு மறுபக்கம் பிடிக்கச் சொன்னார். இருவருமாகச் சட்டியைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். திரும்பி வந்து, முன்னால் நின்றவர்களிடம், "இன்னைக்குக் கோழி இல்ல. மீனு இருக்கு, எறா இருக்கு, மாடு இருக்கு. கோழி ரெண்டு மணிக்கு," என்றார்.

"நாங்க வெட்டித் தரோம்," என்றாள் என் மனைவி. கடையின் பழைய மொட்டைக் கத்தியை எடுத்துக் கொண்டு கட்டைக்கு முன்னால் நின்றாள். நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். ஐந்து கிலோ. அழுகிறேனா வெங்காயமா என்று யாருக்கும் தெரியாத வேலை அதுதான். உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த நாற்பது நிமிடம் ஞாபகம் வந்தது.

இரண்டே காலுக்குக் கோழி தயாரானது. அண்ணன் எங்களைச் சாப்பிடச் சொன்னார். எங்களால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தோம்.

அவள் குளித்துவிட்டு வந்து மேசையில் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டின்னைத் திறந்து காகிதங்களைப் புரட்டினாள். எங்கே தப்பு, எங்கே தப்பு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தப்பு உன்னோடது இல்ல," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, கேக், பாலம், நாற்பது நிமிடம், இருபது நிமிடம், 'ஆச்சு' என்று நான் சொன்னது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் பேனாவை எடுத்தாள்.

"முதல் தடவ நாப்பது நிமிசம். அப்புறம் எறங்குற சூட்டுல எவ்வளவு நேரம்?"

"தெரியல. ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்ப ஓவன் எவ்வளவுல இருந்துச்சு?"

"பாக்கல."

எழுதிக்கொண்டாள். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். இடுக்கியில் கத்தியை வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஓங்கி அடித்தாள். உடைந்த முகத்தைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு வாசற்படிக்கு வந்து என்னிடம் நீட்டினாள். சாம்பல் நிறம். மின்னவில்லை. மாவு மாதிரி மிருதுவாக இருந்தது.

"எண்ணெயில முக்குனது சரியாத்தான் வந்திருக்கு. இதுல தப்பில்ல," என்றாள். "ஓவன் மட்டும்தான்."

"நான்தான்," என்றேன்.

"நீங்க செஞ்சது ஒரு பாதி. நான் அத சோதிக்காம குடுத்தது இன்னொரு பாதி. ஃபேக்டரியில சூட்டுக்காரன் 'ஆச்சு'ன்னு சொன்னா நான் பெட்டிய வெளிய விடுவேனா? வீட்டுக்காரர் சொன்னதும் விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இன்னொரு தடவ எங்கிட்ட ஆச்சுன்னு சொல்லாதீங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவளைப் பிடிக்கும், அவளோடு சண்டை போடுவேன், அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது. ஆனால் அந்தச் சாயங்காலம், கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உடைந்த இரும்போடு நின்றவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் மட்டும் கடைக்குப் போய் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"அப்ப கேக்குக்கும் கத்திக்கும் ஒரே அடுப்பா லா?"

"ஆமா அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்து எனக்கு உங்க மேல ஆத்தரம்தான்," என்றார். "வீட்டுல போய்ப் படுத்த பிறகு யோசிச்சேன். அந்தத் துண்டு பொருந்தினதும் நானா இருந்தா விசயத்த மூடி வச்சிருப்பேன். அடுத்த கத்தி எப்ப வரும்னு தங்கச்சிய கேளுங்க."

அடுத்த கத்திக்கு நான் முறையாக வேலை செய்தேன். வாசற்படியைத் தாண்டி இல்லை, என் ஓவனில். அந்த ஓவனை எனக்குத் தெரிந்த மாதிரி அவளுக்குத் தெரியாது. பின்பக்க வலது மூலை எப்போதும் அதிகச் சூடு. அங்கே வைத்த பிஸ்கட் முதலில் கருகும். திருகியில் இருநூறு என்று வைத்தால் நடுத்தட்டில் நூற்றுத் தொண்ணூறுதான் இருக்கும். இதையெல்லாம் சொன்னபோது அவள் எழுதிக்கொண்டாள். ஒரு தட்டு நிறைய மணலைக் கொட்டி, முதலில் அதைச் சூடாக்கி, கத்தியை அதற்குள் புதைத்து வைக்கலாம் என்று சொன்னேன். கதவைத் திறந்து மூடினாலும் மணல் சூட்டை விடாது. கேக் தட்டுக்குக் கீழே உப்பைப் பரப்பி வைத்துப் பழகியதால் தோன்றியது அது.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள்.

"நீ கேக்கல."

"இனிமே கேப்பேன்."

அந்தச் சனிக்கிழமை நான் ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. ஓவனுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கால்மணிக்கு ஒருமுறை மணலுக்குள் செருகிய சூடுமானியைப் பார்த்து எழுதினேன். போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. முதல் தடவை எடுத்தபோது, அவள் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த இரும்பின் மேல் காய்ந்த வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. வெந்து முடிந்த பட்டர் கேக்கின் ஓரம் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆறவிட்டோம். மறுபடி இரண்டு மணி நேரம்.

அதற்குப் பிறகுதான் அவள் உண்மையான வேலையை ஆரம்பித்தாள். பித்தளைக் கம்பி ஒன்றின் மேல் விளிம்பைச் சாய்த்து அழுத்தி இழுத்தாள். விளிம்பு லேசாக வளைந்து, எடுத்ததும் நேரானது. உடையவும் இல்லை, வளைந்தபடியே நிற்கவும் இல்லை. காய்ந்த மூங்கிலை வெட்டினாள். தேங்காய் ஓட்டைக் கொத்தினாள். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிறகு, "ஒரு மாசம் நம்ம வீட்டுல," என்றாள்.

ஒரு மாதம் நாங்கள் கோழியாகச் சாப்பிட்டோம். எலும்புள்ள கோழி. பக்கத்து வீட்டு ஆன்டியும் தன் வீட்டு வாத்தைக் கொண்டு வந்து எங்களிடம் வெட்டி வாங்கிப் போனார். ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்ததும் என் மனைவி விளிம்பை விளக்கில் பார்ப்பாள். வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்கிற மாதிரி மூலை மூலையாகப் பார்ப்பாள். முப்பதாவது நாள் கத்தியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, கைப்பையில் வைத்தாள்.

கடையில் அண்ணன் அதை வாங்கி, எங்கள் முன்னாலேயே ஒரு முழுக் கோழியை எட்டுத் துண்டாக்கினார். நிறுத்தி நிறுத்தி விளிம்பைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பிறகு தலையாட்டினார். அந்தக் கத்தி இன்றுவரை அங்கே வேலை செய்கிறது. காலையில் கடை திறந்ததும், கழுவுவதற்கு முன்னும் பின்னும் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று எல்லா வேலையாட்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். வேறு கடையில் வாங்கிய கத்திகளுக்கும் சேர்த்துத்தான்.

போன மாதம் போனபோது, "தங்கச்சி, மீனு வெட்டுற அக்காவுக்கு ஒண்ணு வேணுமாம்," என்றார்.

மீன் வெட்டும் அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். பெரிய கைகள், ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். என் மனைவி அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எந்த மீனு அதிகமா வெட்டுறீங்க?" "முள்ளு உங்களுக்கு எங்க இடிக்குது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஒரு கரண்டியை அவர் கையில் கொடுத்து, மீன் வெட்டுவதுபோலப் பிடித்துக் காட்டச் சொன்னாள். அக்கா காட்டினார். இவள் கைப்பையிலிருந்து நூலை எடுத்து, அந்த விரல்கள் கரண்டியைச் சுற்றிய அளவைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.